மச்சு பிச்சு போகலாம். திரும்பி வர முடியுமா?

கேள்வி: நான் தஞ்சாவூரில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. கணவருக்கு 67. மகள் குடும்பம் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறது. வரும் மே மாதம் போய் அக்டோபர் வரை தங்கப் போகிறோம். பேரனுக்கு ஒன்பது வயது. அங்கேயே பிறந்தவன். பெரு நாட்டு மலைமேல் இருக்கும் பழைய நகரமான மச்சு பிச்சு பற்றி ஏதோ வீடியோ பார்த்ததிலிருந்து அங்கே போயே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜூன் மாதம் எல்லோருமாகப் பத்து நாள் பெரு போய்வரலாம், அமேசான் காட்டிலும் இரண்டு நாள் தங்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனக்கு அமெரிக்க விசா 2016 ஆகஸ்டில், மகள் பிரசவத்துக்காக எடுத்தது. பத்து வருட விசா. பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. கணவருக்கு 2019இல் எடுத்தோம். மாப்பிள்ளைக்கு எச்-1பி என்ற வேலை விசா. போன வருடம் அவருடைய அப்பா காரியத்துக்கு வந்தபோது சென்னையில் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவது) முடித்துவிட்டார், 2028 வரை இருக்கிறது. மகளுக்கு, அவர் மனைவி என்ற முறையில், எச்-4. அவள் அப்போது வரவில்லை, ஸ்டாம்ப் முடிந்துவிட்டது, ஆனால் எக்ஸ்டென்ஷன் பேப்பர் இருக்கிறது. இங்கே எங்கள் டிராவல்ஸ்காரர், "அமெரிக்க விசா இருந்தால் தென் அமெரிக்கா முழுக்கப் போகலாம். ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் போனால் திரும்பும்போது சென்னையில் பிடித்து வைத்துவிடுவார்கள்" என்கிறார். எங்களுக்குப் பெரு விசா வேண்டுமா? ஊசி போட வேண்டுமா?

பதில்:

அம்மா, வணக்கம். நீங்கள் கேட்டது பெரு விசாவும் ஊசியும். இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "ஸ்டாம்ப் முடிந்துவிட்டது, ஆனால் எக்ஸ்டென்ஷன் பேப்பர் இருக்கிறது" என்று, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் நல்லது. போட்டுவிட்டிருந்தால், கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் அமெரிக்காவில் சட்டப்படிதான் இருக்கிறார். அதில் சந்தேகம் இல்லை. அந்த எக்ஸ்டென்ஷன் பேப்பருக்கு ஐ-797 என்று பெயர். அது அமெரிக்காவுக்குள் தொடர்ந்து இருப்பதற்கான அனுமதி. வெளியே போய்விட்டுத் திரும்பி உள்ளே வருவதற்கு அது போதாது. அதற்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய, தேதி முடியாத விசா வேண்டும். இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. ஏழெட்டு வருடம் ஒரே ஊரில் வேலை, வீடு, பள்ளிக்கூடம் என்று இருந்தால், அங்கே வாழ்வதற்கு ஒரு காகிதமும் வாசலைத் தாண்டி வருவதற்கு வேறொரு காகிதமும் இருப்பது நினைவிலிருந்தே போய்விடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் யாராவது நண்பர் உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பார். ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்பார்கள். விசா ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும், அனுமதிக் காலம் நடப்பில் இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்விட்டுத் திரும்பலாம். எச்-4க்கு அந்தச் சலுகை இந்த இரண்டு அண்டை நாடுகளோடு சரி. பெரு அதில் வராது. பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து ஹூஸ்டனுக்குத் திரும்பும் விமானத்தில் உங்கள் மகளை ஏற்றவே மாட்டார்கள்.

அப்போது என்ன செய்வது? லிமாவில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் சொல்லியிருப்பேன். 2025 செப்டம்பரில் அமெரிக்கா அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. சுற்றுலா, வேலை போன்ற விசாக்களுக்கு அவரவர் சொந்த நாட்டிலோ, சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஆகவே லிமாவில் மாட்டிக்கொண்டால் அவர் சென்னைக்குத்தான் பறக்க வேண்டும். சென்னையிலும் எச் விசாக்காரர்களுக்கு முன்பு இருந்த, நேரில் போகாமல் பேப்பரை மட்டும் கொடுக்கும் டிராப் பாக்ஸ் வசதி அதே செப்டம்பரில் போய்விட்டது, நேர்காணலுக்குப் போயே ஆக வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அதனால் ஏற்கெனவே கொடுத்த நேர்காணல் தேதிகள் எத்தனையோ பேருக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போயின. பத்து நாள் சுற்றுலாவுக்குக் கிளம்பியவர், பிள்ளையை ஹூஸ்டனில் விட்டுவிட்டு, தஞ்சாவூர் வீட்டில் உட்கார்ந்து தேதிக்காகக் காத்திருக்க வேண்டி வரும்.

அதனால் என் முதல் பதில்: இந்த ஜூனில் உங்கள் மகள் பெரு போகக் கூடாது. பெரு அவரை உள்ளே விடுமா என்ற கேள்விக்கே நாம் இன்னும் வரவில்லை. வந்தாலும், அங்கும் இந்த முடிந்துபோன ஸ்டாம்ப் செல்லாது.

சரி, இப்போது பெரு விதிக்கு வருவோம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு போக விசா வேண்டும். 2017இல் பெரு அரசு இந்தியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், இவற்றில் ஏதாவது ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால், அல்லது அந்த நாட்டில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாகப் பெரு விசா வேண்டாம். வருடத்தில் 180 நாள் வரை தங்கலாம். உங்கள் டிராவல்ஸ்காரர் சொன்னதில் பாதி உண்மை இதுதான். மீதிப் பாதி, அதாவது "தென் அமெரிக்கா முழுக்க" என்பது, ஆபத்தான பேச்சு. பக்கத்தில் இருக்கும் பிரேசிலுக்கு அமெரிக்க விசா எதற்கும் உதவாது, பிரேசில் விசாவே வேண்டும். கொலம்பியா அமெரிக்க விசாவைப் பார்த்து விடும், ஆனால் அதற்கு அதன் சொந்த நிபந்தனைகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒரே கண்டம் என்பதற்காக ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது.

இனி "குறைந்தது ஆறு மாதம்" என்ற அந்த மூன்று சொல்லில்தான் நீங்கள் மாட்டுகிறீர்கள், அம்மா.

உங்கள் கணவரின் விசா 2019இல் எடுத்த பத்து வருட விசா. ஜூனில் அதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் மிச்சம் இருக்கும். அவருக்குப் பெரு விசா தேவையில்லை. மாப்பிள்ளைக்கு 2028 வரை இருக்கிறது, அவருக்கும் வேண்டாம். சுற்றுலா விசாவாக இருந்தாலும் எச்-1பி ஆக இருந்தாலும் பெரு வித்தியாசம் பார்ப்பதில்லை. பேரன் அமெரிக்கப் பாஸ்போர்ட், அவனுக்கு விசா என்ற பேச்சே இல்லை. உங்களுடையது 2016 ஆகஸ்டில் எடுத்தது, 2026 ஆகஸ்டில் முடிகிறது. ஜூனில் போய் இறங்கும்போது மிச்சம் இருப்பது இரண்டே மாதம். ஆகவே உங்களுக்குச் சலுகை கிடையாது, பெரு விசா எடுத்துத்தான் ஆக வேண்டும். பேரன் பிறக்கும்போது ஓடியவர் நீங்கள், அதனால் உங்கள் விசாதான் முதலில் முடிகிறது.

"அமெரிக்காவுக்கே அந்த விசா செல்லுபடியாகும்போது பெருவுக்கு ஏன் செல்லாது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கா தன் விசாவை, நீங்கள் வாசலில் வந்து நிற்கும் நாளில் தேதி முடியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மே மாதம் இறங்கும்போதும் செல்லும், ஜூனில் பெருவிலிருந்து திரும்பும்போதும் செல்லும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவு சொல்லும். அதனால் ஆகஸ்டில் விசா முடிந்தாலும் ஐ-94 தேதி வரை நீங்கள் அங்கே இருப்பதில் தவறில்லை. பெரு அப்படி இல்லை. அது அடுத்தவர் கொடுத்த விசாவை நம்பி உங்களை உள்ளே விடுகிறது. இங்கிருந்து போக உங்களுக்கு இன்னொரு இடம் நிச்சயமாக இருக்கிறதா என்று பார்க்கிறது, அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது.

இந்த ஆறு மாதக் கணக்கில் நானே ஒரு முறை வழுக்கினேன். சில வருடங்களுக்கு முன், நான் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஒரு பெரியவர், மகனோடு அமெரிக்காவிலிருந்து லிமா போகக் கிளம்பினார். இங்கே விடிகாலை மூன்று மணிக்கு எனக்குப் போன். செக்-இன் கவுண்டரில் அந்தப் பெண் விசாவைப் பார்க்கிறார், கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிறார், விரல் விட்டு மாதங்களை எண்ணுகிறார். ஐந்து மாதமும் இருபது நாளும். பத்து நாள் குறைகிறது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள், அவரும் எண்ணினார். மகன் கெஞ்சினார், நான் போனில் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. மகனும் மருமகளும் குழந்தைகளும் ஏறினார்கள். பெரியவர் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்து வீடு திரும்பினார். அந்தத் தேதியை எண்ணாமல் விட்டது நான்தான். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கவுண்டரில் இருப்பவர்கள் மீது கோபப்பட்டுப் பயன் இல்லை. டைமேட்டிக் என்று ஒரு விதித் தொகுப்பு அவர்கள் திரையில் வரும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், எந்த விசா வைத்திருக்கிறார் என்று தட்டினால் அது பதில் சொல்லும். விதிக்குப் பொருந்தாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால், அவரைத் திருப்பிக் கூட்டி வரும் செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் பெருவின் எல்லை லிமாவில் இல்லை. ஹூஸ்டன் விமான நிலையக் கவுண்டரில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பெரு விசா எடுப்பது கஷ்டமான வேலை அல்ல. புது டெல்லியில் பெரு தூதரகம் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், புகைப்படம், வங்கி ஸ்டேட்மென்ட், போக வர விமான ரிசர்வேஷன், ஹோட்டல் புக்கிங், இவைதான் அடிப்படை. ரிசர்வேஷன் என்றால் பணம் கட்டாமல் பிடித்து வைத்திருக்கும் முன்பதிவு. விசா கைக்கு வரும் முன் திருப்பித் தராத டிக்கெட்டை யாரும் வாங்காதீர்கள். உங்கள் ஓய்வூதியக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டையே கொடுங்கள். மாதம் தவறாமல் பென்ஷன் வந்து விழும் கணக்கைத் தூதரகங்கள் விரும்பும். அதற்காகக் கடைசி வாரத்தில் யாரிடமாவது கைமாற்று வாங்கி இரண்டு லட்சத்தைக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். நல்ல கணக்கையும் அது சந்தேகக் கணக்காக்கிவிடும். இந்த வேலையை மே மாதம் கிளம்புவதற்கு முன், இங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அமெரிக்காவுக்குச் சுற்றுலா போன இடத்தில் மூன்றாவது நாட்டுக்கு விசா கேட்டு நிற்பது வீண் அலைச்சல்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் அமெரிக்க விசாவையே புதுப்பித்துவிட்டால் பெருவின் ஆறு மாதக் கெடு தானாகத் தீர்ந்துவிடும். பி1/பி2 என்ற உங்கள் வகைச் சுற்றுலா விசாவின் புதுப்பிப்புக்கு, பழைய விசா முடிந்து 12 மாதத்துக்குள் என்றால், நேர்காணல் இல்லாமல் டிராப் பாக்ஸில் போடும் வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் நேரில் கூப்பிடவும் செய்வார்கள். ஆனால் மே மாதப் பயணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டைத் தூதரகத்திடம் கொடுத்துவிட்டு உட்காருவது எனக்குப் பிடிக்காத வேலை. இருக்கிற நல்ல விசாவில் போய்வந்துவிட்டு, அக்டோபருக்குப் பிறகு நிதானமாகப் புதுப்பியுங்கள்.

விசா பழைய பாஸ்போர்ட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப் போங்கள், ஒரு ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகவே வைத்திருங்கள். பழையதைப் பெட்டியில் அடியில் வைத்து செக்-இன் செய்துவிட்டுக் கவுண்டரில் முழித்தவர்கள் உண்டு. பெருவில் எல்லா முன்பதிவுக்கும் புதிய பாஸ்போர்ட் எண்ணையே கொடுங்கள். இது சின்ன விஷயம் அல்ல. மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு ஆளின் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும்தான் வழங்கப்படுகிறது. வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், நகல் எடுபடாது. ஒரு நாளைக்கு 4,500 பேர், நெரிசலான சில நாட்களில் 5,600 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதும் சீட்டிலேயே இருக்கும். மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றிலும் சில வழிகள். புகைப்படங்களில் பார்க்கும் அந்த உயரத்துக் காட்சி எல்லாச் சுற்றிலும் வராது, சீட்டு எடுக்கும்போது பார்த்து எடுக்க வேண்டும். ஜூன் அங்கே மழை இல்லாத காலம். ஜூன் 24 அன்று, மச்சு பிச்சு போகிறவர்கள் வந்து இறங்கும் குஸ்கோ நகரில் இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா வேறு. அந்த வாரத்தில் சீட்டு கிடைப்பது, தைப்பூசத்தன்று பழனியில் அறை கிடைப்பது மாதிரி.

அடுத்து ஊசி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. "எனக்கு ஏற்கெனவே காமாலை வந்து போய்விட்டது, ஊசி வேண்டாமே" என்று கேட்பவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். இது கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது, இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பும் கொசு மட்டும் நம்மிடம் தாராளமாக இருக்கிறது, டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். அதனால்தான் இந்தியா இந்த விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி. நோயுள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், பெரு அதில் உண்டு. அந்த நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் இருக்கிறது. இந்தியரா வெளிநாட்டவரா என்று பார்ப்பதில்லை. சென்னையில் பிடித்து வைப்பார்கள் என்று உங்கள் டிராவல்ஸ்காரர் சொன்னது இதைத்தான்.

ஆனால் நீங்கள் ஜூனில் பெருவிலிருந்து ஹூஸ்டன் திரும்பி, அக்டோபரில்தான் சென்னை வருகிறீர்கள். ஆறு நாள் எங்கே, நான்கு மாதம் எங்கே! அந்த விதி உங்களைத் தொடாது. லிமாவிலிருந்து நேராக ஊர் திரும்புபவர்களுக்குத்தான் அந்தக் கவலை. பெருவும் உள்ளே வர அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை, அமெரிக்காவும் கேட்பதில்லை. ஆக, சட்டப்படி உங்களுக்கு ஊசி கட்டாயம் இல்லை.

உடம்புக்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி. லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் என்றால் தேவையில்லை. அமேசான் காடு, அதாவது புவெர்டோ மால்டொனாடோ, இக்கிட்டோஸ் பக்கம் போவதாக இருந்தால் மருத்துவ அமைப்புகள் போடச் சொல்கின்றன. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் முறையாக இந்த ஊசி போடும்போது, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்கள் இருவருக்கும் 60 தாண்டிவிட்டது. அந்த இரண்டு நாள் காட்டு விடுதிக்காக இதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? என்னைக் கேட்டால், அமேசானை வெட்டிவிட்டு அந்த இரண்டு நாளையும் குஸ்கோ பக்கம் நிதானமாகக் கழியுங்கள். இல்லை, போயே தீருவோம் என்றால் உங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டுவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ போட்டுக்கொள்ளலாம். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் உயிர் பெறும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். பத்து வருடத்துக்கு ஒரு முறை என்ற பழைய கணக்கு 2016இலேயே போய்விட்டது.

ஊசியைவிட எனக்குக் கவலை உயரம்தான். மச்சு பிச்சு 2,430 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. எல்லோரும் அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். விமானம் இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர். கடல்மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கதவைத் திறந்து வெளியே வந்து நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். குஸ்கோவில் இறங்கியதும் தங்காமல், வண்டியைப் பிடித்து உருபாம்பா, ஒயாந்தாய்டாம்போ பக்கம் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அது 2,800 மீட்டர் சுமாருக்கு வரும். மச்சு பிச்சுவுக்கு ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் குஸ்கோவில் தங்கினால் உடம்பு பழகியிருக்கும். கணவருக்கு ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். அமெரிக்கப் பயணத்துக்காக எடுக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெருவிலும் செல்லுமா என்று பாலிசியில் பாருங்கள். பல பாலிசிகளில் அமெரிக்கா என்று மட்டுமே இருக்கும்.

குஸ்கோ ஹோட்டலில் நுழைந்ததும் கோகா இலை போட்டு ஒரு டீ கொடுப்பார்கள். அங்கே அது நம் சுக்குக் காப்பி மாதிரி, சட்டப்படி சரி. குடிக்கலாம். ஆனால் ஞாபகார்த்தமாக நாலு பாக்கெட் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவுக்குள் கோகா இலையைக் கொண்டுவருவது குற்றம், டீப்பை என்றாலும் அப்படித்தான். சுற்றுலா விசாவில் திரும்பி வரும் ஒருவர் சுங்கத்தில் மாட்ட வேண்டிய விஷயம் இதுவல்ல.

லிமாவில் இறங்கினால் இமிகிரேஷனில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, வரவு கம்ப்யூட்டரில் பதிவாகும். எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று அவர்கள் குடிவரவுத் துறை இணையதளத்தில் பார்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதிக்கு ஒரு லாபமும் உண்டு. 60 நாளுக்குள் தங்கும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹோட்டல் கட்டணத்தில் 18 சதவீத வரி கிடையாது. பாஸ்போர்ட்டையும் இந்தப் பதிவையும் காட்டினால் கழித்துக்கொள்வார்கள். கேட்காமல் போனால் சில ஹோட்டல்களில் போட்டுத்தான் வாங்குவார்கள்.

பேரனை அவன் அப்பா மட்டும் கூட்டிப் போவதாக இருந்தால், மகளிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்று நோட்டரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று. தாத்தா பாட்டியோடு மட்டும் என்றால் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்கும்போது இல்லாவிட்டால் அவன் அழுதுகொண்டு நிற்பான்.

நீங்கள் இருவரும் திரும்பி ஹூஸ்டனில் இறங்கும்போது புதிய ஐ-94 கிடைக்கும். அதில் இன்னும் ஆறு மாதம் போட்டிருந்தால் அக்டோபர் டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமே என்று மகள் ஆசைப்படுவார். வேண்டாம். நடுவில் பக்கத்து நாட்டுக்குப் போய்வந்து தங்கும் காலத்தை நீட்டுகிறார்கள் என்ற எண்ணம் அதிகாரிக்கு வந்தால், அடுத்த முறை வாசலில் நிறைய பதில் சொல்ல வேண்டியிருக்கும். அக்டோபர் திரும்பும் டிக்கெட்டின் அச்சுப் பிரதி கைப்பையில் இருக்கட்டும்.

என்ன செய்யலாம் என்று நேராகக் கேட்டால், நான் இந்தப் பயணத்தை அடுத்த வருடம் ஜூனுக்குத் தள்ளிவைப்பேன். இந்த அக்டோபருக்குப் பிறகு உங்கள் விசா புதியதாகிவிடும். மகள் ஊருக்கு வரும்போது, திரும்பும் தேதியை முடிவு செய்யாமல் வந்து, ஸ்டாம்பிங்கை முடித்துக்கொள்ளட்டும். 2027 ஜூனில் உங்கள் கணவரின் விசாவுக்கும் மாப்பிள்ளை விசாவுக்கும் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும் என்றே தெரிகிறது. ஆனாலும் மாப்பிள்ளையின் 2028 எந்த மாதம் என்று ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள். அவருடைய எக்ஸ்டென்ஷன், வேலை மாற்றம் எதுவும் நடுவில் வராமல் இருக்க வேண்டும்.

பேரன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். இந்த ஜூனுக்கு அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் கூட்டிப் போங்கள். உள்நாட்டுப் பயணம், மகளும் வரலாம், யாருக்கும் விசா பார்க்க வேண்டாம். மகள் மட்டும் பாஸ்போர்ட்டோடு அந்த ஐ-797 பேப்பரின் அசலையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.